எங்கள் பள்ளி மெரூன் ஆன கதை

எங்கள் பள்ளியின் நிறம் மெரூன். நம் முன்னோர்கள் இந்த மண்ணில் சிந்திய ரத்தத்தின் நிறம் அது என்று புதுக் கட்டடத் திறப்பு விழாவில் பள்ளிச் சங்கத் தலைவர் மேடையேறி, மைக்கைத் தட்டிப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். மண்டபமே கை தட்டியது. ரத்தமாவது மண்ணாங்கட்டியாவது! அது ஆலாத்தித் தண்ணி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, நடுவில் சூடம் ஏற்றிச் சுற்றுவார்களே, அந்தத் தண்ணி. அதை யார் கொட்டினார்கள், கொட்டிய பழியை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தண்ணியில் நனைந்த ஜெர்சிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடியவள் நான்.

மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர்ப் பால்மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். பள்ளி என்றால் பலகைச் சுவரும் தகரக் கூரையும்தான். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அது பெரிய வகுப்பு. இந்தப் பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று, அதற்கு ஒரு தலைவர். அவர் தோட்டத்து ஆள்கூட இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மூத்த பிள்ளைகளை எல்லாம் டவுனில் மலாய்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கடைசிப் பிள்ளையை மட்டும் எங்கள் பள்ளியில் போட்டிருந்தார். தலைவர் ஆவதற்கு ஒரு பிள்ளையாவது வேண்டுமே! பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடையில் உப்பு வாங்கப் போனாலும் தலைவர்தான்.

அந்த வருஷம் மலாக்கா டவுனில் தமிழ்ப்பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து, ஓட்டமும் தாண்டலுமாகத் திடல்தடப் போட்டி. ஒவ்வொரு பள்ளியும் ஒரே நிற ஜெர்சியில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை எங்களுக்கு நிறம் என்று ஒன்றும் கிடையாது. வீட்டில் இருக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். நிறத்தைத் தீர்மானிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். நாங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டோம்.

அந்தக் கூட்டத்தைப் போல் ஒரு கேலிக்கூத்தை நான் பிறகு பார்த்ததில்லை. பள்ளி விளையாட்டில் நான்கு இல்லங்கள் உண்டு, இல்லத்துக்கு ஒரு நிறம். அந்த இல்லங்களைத் தோட்டத்து வீட்டு வரிசைப்படி, லயம் லயமாகப் பிரித்துத் தொலைத்திருந்தார்கள். மேல் லயத்துப் பிள்ளைகள் சிவப்பு, கீழ் லயம் பச்சை, ஆற்றோரத்து லயம் நீலம், கோயில் பக்கம் மஞ்சள். ஆகவே சிவப்பு என்று ஒருவர் சொன்னால் அவர் மேல் லயத்துக்குப் பரிந்து பேசுகிறார் என்று அர்த்தம்.

"செவப்பு போட்டா நாங்க பிள்ளைங்கள அனுப்ப மாட்டோம்" என்றார் கீழ் லயத்து மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர்.

"அப்ப மஞ்ச?"

"மஞ்ச இந்த நாட்டு ராஜா கலருலா. நாளைக்கு யாராச்சும் கேட்டா நீ போயி பதில் சொல்லுவியா?"

கருப்பு என்று ஒரு வாத்தியார் வாய் தவறிச் சொல்லிவிட்டார். எழவு வீட்டுக்கா அனுப்புகிறோம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் கிளம்பியது. கடைசியில் எல்லாருக்கும் பசி எடுத்ததால் வெள்ளை என்று முடிவானது. தலைவரே மலாக்கா டவுனில் தெங்கேராவுக்குப் போய், ஒரு சீனத் தவுக்கே கடையில் எல்லா அளவிலும் வெள்ளை ஜெர்சி வாங்கி வந்தார். ஏதோ கப்பலில் போய்ச் சீமையிலிருந்து கொண்டுவந்த மாதிரி அதைப் பற்றி ஒரு வாரம் கடையில் உட்கார்ந்து பேசினாராம்.

என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி கவிழ்ந்து அப்பா இறந்துவிட்டார். அம்மா செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலைக்குப் போனாள். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துபோய் வந்தாலும் பள்ளியில் ஏதாவது காரியம் என்றால் குளித்துவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பாள். விளையாட்டு நாளில் எல்லாருக்கும் அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டுவது அவள்தான். கரண்டியை இன்னொருத்தி கையில் கொடுக்கமாட்டாள். தாலி போனவள் கிண்டிய மீகூனைத் தின்ன அங்கே யாருக்கும் தொண்டை அடைத்ததில்லை. இரண்டாம் தட்டு கேட்டு வாங்கித் தின்பார்கள்.

போட்டிக்குப் போகும் காலை. இரவெல்லாம் மழை பெய்து பள்ளிக்கூட வாசல் சேறாகக் கிடந்தது. தோட்டத்து பஸ் வந்து நின்றுவிட்டது. நாங்கள் உடனே ஏறிப் போயிருக்கலாம். ஆனால் தலைவருக்குப் படம் வேண்டும். ஜெர்சிகளைப் பிஸ்கட் பெட்டி ஒன்றில் அடுக்கிப் பள்ளிப் படிக்கட்டில் வைத்திருந்தார். அவருடைய மனைவி எங்களுக்கு ஆலாத்தி எடுப்பாராம், பிறகு தலைவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கையால் ஜெர்சி கொடுப்பாராம், அதையெல்லாம் அவர் மச்சான் கேமராவில் பிடிப்பாராம். என்னவோ நாங்கள் போருக்குப் போகிறோம் என்ற நினைப்பு அவருக்கு.

அந்த அம்மாள் பட்டுச்சேலை கட்டி, குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விடியற்காலைச் சேற்றில், பிள்ளைகளை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்ப, அந்தச் செருப்பு! நாங்கள் வரிசையாக நின்றோம். நான் வரிசையின் கடைசியில், பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா எனக்குப் பின்னால் நின்று பின்னலை மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். ஓடும்போது முடி முகத்தில் விழக்கூடாது என்பது அவளுடைய கவலை. ஆலாத்தித் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"அக்கா, இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க" என்றான் கேமராவோடு நின்ற அவருடைய தம்பி.

அக்கா அந்தப் பக்கம் பார்த்தார், சிரித்தார். குதிகால் படியின் ஓரத்தை விட்டு இறங்கியது. ஆள் விழவில்லை, அதற்குள் தலைவர் பிடித்துவிட்டார். தட்டு மட்டும் கவிழ்ந்து, தண்ணி முழுக்கப் பிஸ்கட் பெட்டிக்குள் இறங்கியது. வெள்ளை ஜெர்சி அத்தனையும் சிவப்பு. நான் கண்ணால் பார்த்தேன். வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளும் பார்த்தோம். எங்களை அனுப்ப வந்திருந்த பெண்கள் எல்லாரும் அதே படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து, சுற்றிலும் கண்ணை ஓட்டி, என் அம்மா மேல் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நெனச்சேன். நல்ல காரியத்துக்குக் கெளம்புறப்ப தாலியறுத்தவ எதுர்ல வந்து நின்னா தட்டு கையில நிக்குமா?"

எதிரே! எதிரே நின்றது அவர் தம்பியும் அவன் கேமராவும்தான்.

அம்மா ரிப்பனை முடிச்சுப் போட்டு முடித்தாள். அவசரமே படவில்லை. பிறகு சொன்னாள்: "யம்மா, நான் பஸ்ஸுக்குப் பின்னால நிக்கிறேன். ஒங்க கண்ணு கேமராவுல இருந்துச்சு, காலு படிய விட்டு எறங்குச்சு. எம்மேல எதுக்குச் சொல்றீங்க?"

"வாக்குவாதம்லாம் வேணாம்" என்றார் தலைவர். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீ வீட்டுக்குப் போம்மா."

அம்மா அங்கே நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தாள். ஒருத்தி குனிந்து தன் பிள்ளையின் காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. இன்னொருத்திக்குத் திடீரென்று வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "வாக்கா, போயிரலாம், எதுக்கு வம்பு" என்றாள். இவள் எங்கள் வீட்டில் தினமும் குழம்பு வாங்கிப் போகிறவள். அம்மா கையை விடுவித்துக்கொண்டு தனியாக நடந்து போனாள். நான் அழுதேன். தலைமையாசிரியர் என்னைத் தோளில் தட்டி பஸ்ஸில் ஏற்றினார். ஓய்வுபெறும் வயதில் இருந்த மனிதர். அவரும் வாயைத் திறக்கவில்லை.

வேறு ஜெர்சி ஏது? கறையோடு போட்டுக்கொண்டோம். என்னுடையதில் தோளிலிருந்து வயிறு வரைக்கும் சிவப்பு. மலாக்கா திடலில் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். "ஏய், கோழி அறுத்துட்டு அப்டியே வந்துட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைக் கடித்திருப்பேன். அஞ்சல் ஓட்டத்தில் கடைசி ஆள் நான். கோல் என் கைக்கு வரும்போது எங்கள் பள்ளி மூன்றாவதாக இருந்தது. எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாளின் முகம் மட்டும் கண்ணுக்குள் நின்றது. முதலாவதாக வந்தேன். எங்கள் பள்ளி அதற்கு முன்னால் எதிலும் முதலாவதாக வந்ததில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கோப்பையைத் தலைவர் மடியில் வைத்துக்கொண்டார். ஓடினது அவர்தானே! பஸ் மலாக்கா டவுனைத் தாண்டும் முன்பே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? வெள்ளைய போட்டிருந்தா ஜெயிச்சிருப்போமா? இந்தக் கலருதான் ராசி. ஆத்தாளே பாத்துக் குடுத்த கலரு."

அவர் மனைவி, "அதான், நானும் அதான் நெனச்சேன்" என்றார்.

எப்படி இருக்கிறது நியாயம்? தட்டு கவிழ்ந்ததற்கு என் அம்மாவின் கழுத்தில் தாலி இல்லாதது காரணம். கோப்பை கிடைத்ததற்குத் தட்டு கவிழ்ந்தது காரணம். அப்படியானால் கோப்பைக்கும் என் அம்மாதானே காரணம் என்று கேட்க அந்த பஸ்ஸில் ஒரு ஆம்பளை இல்லை, ஒரு பொம்பளை இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கேட்கத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போய் ஜெயித்ததைச் சொன்னேன். "ஓடுவேன்னு தெரியும்" என்றாள் அம்மா. முட்டை பொரித்து வைத்திருந்தாள். காலையில் நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே தலைவர் கடையிலிருந்து சாயப் பொட்டலங்கள் வந்தன. கோயில் அண்டாவை இறக்கி, கோத்தோங் ரோயோங் என்று ஊர்கூடி வேலை போட்டு, பெண்கள் கூடி அத்தனை ஜெர்சியையும் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். ஒன்று கத்திரிக்காய் நிறம், ஒன்று செங்கல் நிறம், இன்னொன்று ஆட்டு ஈரல் நிறம். வேர்த்தால் சாயம் முதுகில் இறங்கியது. பயிற்சி முடிந்து குளிக்கப் போனால் குளியலறையெல்லாம் சிவப்புத் தண்ணி ஓடும். அந்தக் கூட்டத்தில் அம்மா இல்லை. அந்த வருஷ விளையாட்டு நாளிலும் இல்லை. மீகூனை வேறு யாரோ பிரட்டினார்கள், கஞ்சி மாதிரி இருந்தது. அதன் பிறகு பள்ளி வாசலை அவள் மிதிக்கவே இல்லை. கோயில் திருவிழாவிலும் வேலி ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். என்னை அனுப்பும்போது, "நீ போ, நல்லா போ" என்பாள். இவர்கள் அவளை ஒதுக்கிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. என் அம்மாவை ராசியில்லாதவள் ஆக்கிவிட்டார்கள். பள்ளியில் நான் படித்த பாடங்களில் எனக்கு நன்றாக மனப்பாடம் ஆனது அது ஒன்றுதான்.

மெரூனோ வளர்ந்துகொண்டே போனது. கேட்டுக்கு மெரூன், பூச்சட்டிக்கு மெரூன், குப்பைத்தொட்டி மூடிக்குக்கூட மெரூன். ஆசிரியர் தினத்துக்கு டீச்சர்கள் எல்லாரும் மெரூன் சேலை. யாராவது வெளியாள் ஏன் இந்த நிறம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை விட்டார்கள். தியாகம் என்றார் ஒருவர். பால்மரத்துப் பட்டையின் நிறம் என்றார் இன்னொருவர். வீரம் என்று ஒரு வாத்தியார் பாட்டே எழுதிவிட்டார். படிக்கட்டில் குதிகால் சறுக்கிய வீரம்.

தோட்டத்தில் ஆள் குறைந்து, நாங்களும் டுரியான் துங்காலில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தோம். நான் படித்து முடித்து, தெங்கேராவில் ஒரு லோரிக் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் பள்ளிக்குக் கல்கட்டடம் வந்தது. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முதல் கோப்பையை வாங்கித் தந்த முன்னாள் மாணவி என்ற முறையில் பள்ளி நிறத்தின் பெருமையைப் பற்றி நான் பேச வேண்டுமாம். தலைவர்தான் என் பெயரைச் சொன்னாராம். அவருடைய கடைசிப் பிள்ளை பள்ளியை விட்டுப் போய்ப் பல வருஷமாகியும் அவர் போகவில்லை. கௌரவத் தலைவர் என்று ஒரு நாற்காலியை உண்டாக்கி உட்கார்ந்திருந்தார்.

"நீயும் வாம்மா" என்றேன்.

"நீ போ. எனக்கு வேல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அந்த மேடையிலேயே அம்மாவின் பெயரைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் வருவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

தலைவர் முன்னோர்களின் ரத்தத்தைச் சிந்தி முடித்ததும் என்னை அழைத்தார்கள். நான் வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. "நம்ம பள்ளிக்கூட கலரு ஆலாத்தித் தண்ணி கலரு" என்று தொடங்கி, சேற்றையும், செருப்பையும், கேமராவையும், பிஸ்கட் பெட்டியையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தட்டைக் கவிழ்த்தது யார் என்று சொன்னேன். பழியை யார் மேல் போட்டார்கள் என்று சொன்னேன். இப்போது யாராவது எழுந்து என்னை அடிக்க வருவார்கள் என்று காத்திருந்தேன். வந்தாலும் சரிதான் என்று இருந்தது.

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி தொடங்கினாள், பிறகு மண்டபமே சிரித்தது. தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அந்தச் செருப்பு! மறுநாளே தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். சங்கத்தார் எழுந்து வந்து என் தோளில் ஒரு மெரூன் பொன்னாடை போர்த்தினார்கள்.

"புள்ள பழச எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கு. நல்லா சிரிக்க வெச்சிட்ட" என்று தலைவர் மைக்கில் சொன்னார்.

சாப்பாட்டு வரிசையில் அந்தப் பழைய பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எப்டிடி எல்லாத்தையும் அப்டியே சொல்ற! அந்தச் செருப்பு சறுக்குனத நாங்க பாக்கலையா என்ன? இன்னிக்கும் நெனச்சா சிரிப்பு வருது லா."

"பாத்தீங்கள்ல? அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நல்ல நாளு அதுவுமா எதுக்குடி வம்பு?" என்று சொல்லிவிட்டு என் தட்டில் ஒரு அப்பளத்தை வைத்தாள். "அம்மா நல்லாருக்காங்களா?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். இத்தனை வருஷமும் உண்மையை மூடி வைத்திருக்கிறார்கள், நான் போய்த் திறக்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் மூடியில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அன்றைக்கே தெரியும். என் அம்மா பள்ளி வாசலை மிதிக்காமல் இருந்தது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இவர்களைத் திட்டுவதற்குக்கூட வாய் கூசியது.

வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்து பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கத்தியை நிறுத்தவே இல்லை.

"சிரிச்சாங்களா?"

"ஆமா."

"சிரிப்பாங்க. பாத்தவங்கதானே."

"ஒனக்குத் தெரியுமா? எல்லாரும் பாத்தாங்கன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"எனக்குத் தெரியாம? மூஞ்சிக்கு நேரா நின்னாங்கடி. ஒருத்தி, ஒரே ஒருத்தி, 'இல்லம்மா, ஒங்க செருப்புதான் சறுக்குச்சு'ன்னு சொல்லியிருந்தா, சாயம் முக்குறதுக்கு மொத ஆளா நான் போயிருப்பேன்."

"அவுங்கதான் ஒன்னக் கூப்புடலியே."

அம்மா அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா கூப்புடலன்னு? மறுநாளே வந்து கூப்புட்டா பக்கத்து வீட்டுக்காரி. வெளையாட்டு நாளுக்கு மீகூன் பெரட்ட ஆளில்லன்னு தலைமையாசிரியரே வாசல்ல வந்து நின்னாரு. நீ பள்ளிக்கூடத்துல இருந்த. வர முடியாதுன்னு சொல்லிட்டேன். அதுங்க கூட ஒக்காந்து வெங்காயம் உரிக்க எனக்கு என்ன தலையெழுத்தா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒதுக்கப்பட்டவள் என்று நினைத்து இத்தனை வருஷம் நான் பரிதாபப்பட்ட முகம் அது.

"என்ன யாரும் ஒதுக்கல" என்றாள் அம்மா. "நாந்தான் அதுங்கள ஒதுக்குனேன். அடுத்த தரம் மைக்கு குடுத்தாங்கன்னா அத சொல்லு."